கோர்ட்டுமலையிலிருந்து அண்ணாந்து பார்த்தால்: வானுயரக் கட்டடம் எப்படி நிற்கிறது?

கோலாலம்பூர் புடு பக்கம் இருக்கும் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பது மேபேங்க் கோபுரம். ஒரு காலத்தில் அந்தக் குன்றில் நீதிமன்றம் இருந்தது, அதனால்தான் நம்மவர்கள் வாயில் அது கோர்ட்டுமலை ஆனது. அங்கேதான் 1988இல் 50 மாடிகளோடு 244 மீட்டர் உயரத்துக்கு இந்தக் கட்டடம் எழுந்தது.

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தவன், "மாமா, இவ்ளோ உயரமா இருக்கே, பெரிய காத்தடிச்சா சாயாதா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அன்போடு சொன்னார்: "அதெல்லாம் பாறை வரைக்கும் தோண்டி இறக்கியிருப்பாங்க தம்பி, அசையவே அசையாது. இரட்டைக் கோபுரத்துல பாலம் போட்டிருக்காங்களே, அது எதுக்கு? ஒண்ண ஒண்ணு தாங்கிப் பிடிக்கத்தான்."

பாறை வரை தோண்டுவார்கள், கட்டடம் அசையாது, பாலம் தாங்குகிறது. இந்த மூன்றையும் நான் கல்யாண வீட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் பல தடவை கேட்டிருக்கிறேன். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை எடுத்துக்கொண்டால் மூன்றுமே சரியில்லை. பல வருடம் கட்டுமானத் தளங்களில் நின்றவன் என்பதால் இதைச் சும்மா விட மனசு வரவில்லை, ஏனென்றால் உண்மையில் நடப்பது அந்தக் கதைகளைவிட ரொம்ப அழகானது. கணக்கு அதிகம் வேண்டாம், நமக்குத் தெரிந்த விஷயங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

## கல்லை அடுக்கிக்கொண்டே போனால்?

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டருக்கும் மேல் உயரம், ஆயிரம் வருடமாக நிற்கிறது. அதன் சூத்திரம் எளிது: ஒவ்வொரு கல்லும் தன் கீழே இருக்கும் கல்லை அழுத்துகிறது, கீழே போகப் போக அகலம் கூடுகிறது. எடையே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இதே முறையில் 450 மீட்டருக்குப் போக வேண்டும் என்றால் அடித்தளத்துக்கு மட்டுமே பல தெருக்களைக் காலி செய்ய வேண்டியிருக்கும், உள்ளே மனிதர் உட்கார்ந்து வேலை செய்ய இடமும் மிஞ்சாது. சிகாகோவில் 1891இல் கட்டிய மொனாட்நாக் என்ற அலுவலகக் கட்டடம் முழுக்கச் செங்கல் சுவரில் நிற்பது. வெறும் 16 மாடிதான், ஆனால் அடியில் சுவரின் தடிமன் சுமார் 1.8 மீட்டர்.

ஆகவே சுவர் எடையைத் தாங்குவதை விட்டுவிட்டார்கள். தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த எலும்புக்கூடு ஒன்று எடையைத் தாங்கும், சுவர் சும்மா போர்த்திக்கொள்ளும். தைப்பூசத்தில் பெரிய காவடி ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் இது உடனே விளங்கும். எடையைத் தாங்கித் தோளுக்கும் இடுப்புக்கும் இறக்குவது உள்ளே இருக்கும் கம்பிச் சட்டம். வெளியே தெரியும் மயிலிறகு எதையும் தாங்குவதில்லை, அதைக் கழற்றினாலும் காவடி நிற்கும். நகரத்தின் நடுவே பளபளவென்று மின்னும் கண்ணாடி முகப்புகளும் அந்த மயிலிறகு மாதிரிதான். அதற்குப் பெயர் திரைச்சுவர்: ஜன்னல் திரையைப் போல மாடிக்கு மாடி தொங்கவிடப்பட்டு, மழையையும் வெயிலையும் மட்டும் தடுக்கும் சுவர். "கண்ணாடிக் கட்டடம், எப்படி நம்பி உள்ளே போறது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

## எடையைச் சமாளிக்கலாம், காற்றுதான் கஷ்டம்

உயரக் கட்டடம் என்றவுடனே எல்லோருக்கும் எடைதான் ஞாபகம் வரும். எடை நேராகக் கீழே இறங்குகிறது, அதற்குப் போதுமான பலமுள்ள தூண் இருந்தால் போதும். இரட்டைக் கோபுரத்தின் அடிப்பகுதித் தூண்களில் போட்ட கான்கிரீட், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 800 கிலோ வரை தாங்கக்கூடிய ரகம். பழைய பெரோடுவா கஞ்சில் கார் ஒன்றை முழுசாக அந்த நகத்தளவு இடத்தில் ஏற்றி வைத்தாலும் நொறுங்காது.

காற்று அப்படி நேராக இறங்காது, பக்கவாட்டில் தள்ளும். தரையில் நட்ட கம்பத்தைப் போல, கட்டடம் அடியில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது, உச்சியைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு கம்பத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று படும் பரப்பும் இரண்டு மடங்காகிறது, காற்று தள்ளும் இடம் தரையிலிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்கும் போகிறது. எனவே அடியைப் பெயர்க்கப் பார்க்கும் வலு நான்கு மடங்கு. உச்சி வளையும் தூரமோ, தடிமனைக் கூட்டாமல் விட்டால், 16 மடங்கு! அதுவும் மேலே போகப் போகக் காற்று வேகமாக வீசும் என்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. 50 மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து மேலே இன்னொரு 50 மாடியை வரைந்தால் 100 மாடி ஆகிவிடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதை உடம்பால் உணர வேண்டுமென்றால், மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்ஆர்டி ஏறி உட்கார இடமில்லாமல் நின்று பாருங்கள். ரயில் வெடுக்கென்று கிளம்பும்போது இரண்டு காலையும் ஒட்டி வைத்து நிற்பவர் தள்ளாடுவார், காலை அகட்டி வைத்து முதுகை விறைப்பாக வைத்திருப்பவர் சமாளிப்பார். அப்போது உங்கள் ஒரு கால் தரையை அதிகமாக அழுத்தும், இன்னொரு கால் லேசாகத் தூக்கப் பார்க்கும். கட்டடத்திலும் இப்படியேதான்: காற்று படும் பக்கத்துத் தூண்கள் மேலே இழுபடப் பார்க்கின்றன, எதிர்ப்பக்கத் தூண்கள் கூடுதலாக அழுந்துகின்றன. கான்கிரீட் அழுத்தத்துக்குச் சிங்கம், இழுப்புக்குக் கொஞ்சம் பலவீனம் (அதனால்தான் உள்ளே இரும்புக் கம்பி). ஆனால் கட்டடத்தின் சொந்த எடை அந்தத் தூண்களை ஏற்கெனவே கீழே அழுத்தி வைத்திருப்பதால் காற்றின் இழுப்பு பெரும்பாலும் அதிலேயே கரைந்துபோகிறது. நாம் பயப்படும் எடை இங்கே கூட்டாளியாக மாறிவிடுகிறது.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கண்ணாடி எதையும் தாங்கவில்லை, எலும்புக்கூடு தாங்குகிறது. எடை கீழே போகிறது, காற்று பக்கத்தில் தள்ளுகிறது. தள்ளலைச் சமாளிக்கக் காலை அகட்ட வேண்டும், முதுகெலும்பு விறைப்பாக இருக்க வேண்டும்.

## முதுகெலும்பு எங்கே இருக்கிறது?

வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தினமும் அதற்குள்தான் நுழைந்து வெளியே வருகிறார்கள். லிஃப்ட், அவசரப் படிக்கட்டு, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி எல்லாவற்றையும் நடுவில் சேர்த்து வைத்து, சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர் எழுப்பிவிடுவார்கள். அடியிலிருந்து உச்சிவரை போகும் அந்தக் குழாய்க்குத் தளத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் கோர். அடுத்த முறை கட்டுமானம் நடக்கும் இடத்தைக் கடந்தால் கவனியுங்கள், மற்ற மாடிகள் வருவதற்கு முன்பே நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தூண் மட்டும் தனியாக வளர்ந்துகொண்டே போகும்.

ஏன் குழாய் வடிவம்? ஒரு ஏ4 தாளை மேசைமேல் நிற்க வைத்துப் பாருங்கள், நிற்காது. அதே தாளைச் சுருட்டி நிறுத்துங்கள், நிற்பதோடு மேலே ஒரு புத்தகத்தையும் தாங்கும். தாளின் அளவு மாறவில்லை, பொருள் நடுவை விட்டு விலகிச் சுற்றிலும் போய்விட்டது, அவ்வளவுதான்.

இரட்டைக் கோபுரத்தில் இந்தக் கோர் அடியில் ஏறத்தாழ 23 மீட்டருக்கு 23 மீட்டர் சதுரம். அதற்கு வெளியே வட்டமாக 16 பெரிய தூண்கள் நிற்கின்றன, அடியில் ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் குறுக்களவு. அந்தத் தூண்களை மாடிக்கு மாடி வளையம் போல உத்தரம் கட்டிப் பிடித்திருக்கிறது. கோர் முதுகெலும்பு என்றால் வெளித்தூண் வளையம்தான் அகட்டி வைத்த கால். எஃகைவிடக் கான்கிரீட்டை இங்கே அதிகம் நம்பியதற்கும் காரணம் உண்டு. எஃகை இறக்குமதி செய்ய வேண்டும், கான்கிரீட் நம் நாட்டுக் கட்டுமானக்காரர்களுக்குக் கைவந்த வேலை, அதோடு கனமான கான்கிரீட் ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கும்.

கோர் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்த இடத்தில் கென் யாங் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, நம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர். சுபாங் ஜெயாவில் 1992இல் கட்டிய மெனாரா மெசினியாகாவில் அவர் கோரைக் கிழக்குப் பக்கம் தள்ளி வைத்தார். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் உச்சி வெயில் கூரையில் விழுகிறது, சுவரைச் சுடுவது காலை வெயிலும் மாலை வெயிலும்தான். காலை வெயில் கோர் சுவரில் விழட்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் தப்பிக்கட்டும் என்று யோசித்திருக்கிறார். லிஃப்ட் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் இலவசமாகக் கிடைத்தன. 15 மாடிதான், ஆனால் 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதைத் தேடி வந்தது. டாயாபூமி கட்டடத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளை வலைப்பின்னலையும் வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள், அது வெயிலையும் வடிகட்டுகிறது.

## நட்சத்திரம் ஏன்?

இரட்டைக் கோபுரத்தை மேலிருந்து பார்த்தால் இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்த எட்டு முனை நட்சத்திரம், நடுநடுவே சின்ன அரைவட்டங்கள். கட்டடக் கலைஞர் செசார் பெல்லி இஸ்லாமியக் கோலங்களிலிருந்து அதை எடுத்தார்.

வடிவத்துக்குக் காற்றோடும் சம்பந்தம் உண்டு. ஆற்று நடுவே நட்ட கம்பத்தின் பின்னால் தண்ணீர் வலம் ஒன்று இடம் ஒன்றாகச் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டடத்தின் பின்னாலும் காற்று இப்படிச் சுழிக்கும், ஒவ்வொரு சுழியும் கட்டடத்தைப் பக்கவாட்டில் ஒரு இழு இழுக்கும். அடியிலிருந்து உச்சிவரை ஒரே வழவழப்பான வடிவம் என்றால் எல்லா மாடியிலும் சுழிகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுக்கும். உச்சி குறுகிக்கொண்டே போனாலோ, முகம் மேடும் பள்ளமுமாக இருந்தாலோ அந்த ஒற்றுமை கலைந்துபோகிறது. உயரமான கட்டடங்கள் பலவும் மேலே சிறுத்துப் போவதற்கு இது முக்கியமான காரணம்.

## அசையாது என்று யார் சொன்னது?

எல்லா உயரக் கட்டடமும் அசையும். தென்னை மரம் காற்றில் வளைந்து கொடுப்பது போல, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பொறியாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை, பலத்த காற்றில் உயரத்தில் 500இல் ஒரு பங்கு வரை உச்சி நகரலாம் என்பது. 450 மீட்டர் கட்டடத்துக்கு அது 90 சென்டிமீட்டர். இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். துளிகூட அசையாத கட்டடம் வேண்டும் என்றால் அதற்குள் சுவரைத் தவிர வேறொன்றும் இருக்காது. விழாமல் இருப்பது ஒரு கணக்கு, உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றாமல் இருப்பது இன்னொரு கணக்கு. பெரும்பாலும் இரண்டாவதுதான் வடிவமைப்பவரை அதிகம் படுத்தும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவில் நிலம் அதிர்ந்தபோது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மேல் மாடியில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்தார்கள், கீழே தெருவில் நின்ற பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. உயரமாக இருந்ததால் கட்டடம் பலவீனமாகிவிட்டதா என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். நீளமான சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் மெதுவாகப் போய் வரும், அதன் தாளத்துக்குச் சேர்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தைகூட அதை உயரத் தூக்கிவிடலாம். தாளம் ஒத்துப்போவதால் ஆட்டம் பெருகுவதற்குப் பெயர் ஒத்ததிர்வு. தொலைவில் நடக்கும் பெரிய நிலநடுக்கத்தின் வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவான அலைகள்தான் இவ்வளவு தூரம் வந்து சேரும். மெதுவாக ஆடுவது உயரக் கட்டடம், எனவே அதற்கு அந்தத் தாளம் பொருந்துகிறது, இரண்டு மாடி வீட்டுக்குப் பொருந்துவதில்லை.

இப்போது பாலத்துக்கு வருவோம். 41, 42ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில், 58 மீட்டர் நீளம். இரண்டு கோபுரமும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக ஆடுவதில்லை, சில நேரம் ஒன்றை ஒன்று நெருங்கும், சில நேரம் விலகும். பாலத்தை இரு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் ஒன்று அது நசுங்கும், அல்லது பிய்ந்து போகும். அதனால் பாலத்தின் இரு முனைகளும் கோபுரத்துக்குள் வழுக்கிப் போய் வரும்படி விடப்பட்டிருக்கின்றன. கீழே 29ஆம் மாடியிலிருந்து சாய்வாக எழும் கால்கள்தான் பாலத்தின் நடுவைத் தாங்குகின்றன. ஆக, பாலம் கோபுரங்களைத் தாங்கவில்லை, கோபுரங்கள்தான் பாலத்தைத் தாங்குகின்றன, அதுவும் அதைத் தொந்தரவு செய்யாமல்!

அப்படியானால் பாலம் எதற்கு? ஒரு கோபுரத்தில் தீ என்றால் மேலே இருப்பவர்கள் அடுத்த கோபுரத்துக்குப் போய் இறங்கலாம். இன்னொன்று லிஃப்ட். 88 மாடிக்கும் தனித்தனியே லிஃப்ட் குழி விட்டால் கோரே பாதி இடத்தை விழுங்கிவிடும். அதனால் விரைவு லிஃப்டில் 41, 42க்கு வந்து அங்கே வேறு லிஃப்டுக்கு மாறுகிறார்கள், கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறுவது மாதிரி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டி உள்ள லிஃப்டுகள் என்பதால் ஒரே நேரத்தில் ஒற்றைப்படை மாடிக்கும் இரட்டைப்படை மாடிக்கும் ஆள் ஏறலாம். மாறும் கூடம் இரண்டு கோபுரத்திலும் அங்கேயே இருப்பதால் பாலமும் அங்கேயே வந்தது.

சுருக்கமாக: ஆட்டம் நோய் இல்லை, அளவோடு அனுமதிக்கப்பட்ட குணம். பாலம் அந்த ஆட்டத்துக்கு வழிவிட்டு நிற்கிறது.

## உயரத்தை எங்கிருந்து அளப்பது?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேஎல் டவர்தான் இரட்டைக் கோபுரத்தைவிட உயரம் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அப்படித்தான் தெரியும், ஏனென்றால் அது புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்கிறது. கட்டடத்தின் உயரத்தை அதன் சொந்த அடியிலிருந்துதான் அளப்பார்கள்: கேஎல் டவர் ஆன்டெனாவோடு சேர்த்தே 421 மீட்டர், இரட்டைக் கோபுரம் 452. உச்சியில் கட்டடத்தின் வடிவத்தோடு சேர்ந்த கூர்முனை கணக்கில் வரும், பிறகு மாட்டிய ஆன்டெனா வராது. கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கட்டடத்தின் 678.9 மீட்டரில் 160 மீட்டருக்கும் மேல் அந்தக் கூர்முனைதான்.

## பத்துமலை நம் காலுக்கு அடியிலும் இருக்கிறது

கம்பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நட்ட மண் சரியில்லை என்றால் சாயும். பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் அதற்குச் சாட்சி. அங்கே கட்டடத்தில் குறை இல்லை, கீழே மண் மெத்து. கட்டிலின் ஒரு கால் மட்டும் மண்ணில் புதைந்தால் கட்டில் சாய்வது போல, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்குவதைச் சமமற்ற அமிழ்வு என்பார்கள். மொத்தமாகக் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசமாக இறங்குவதுதான் ஆபத்து.

கோலாலம்பூரில் இது சாதாரணத் தலைவலி இல்லை. பத்துமலைக் குகைக்குள் நின்று மேலே பார்த்திருப்பீர்கள், சுண்ணாம்புக் கல்லை மழைநீர் பல லட்சம் வருடமாகக் கரைத்துக் கரைத்துக் குடைந்த இடம் அது. அந்தக் கல் பத்துமலையோடு முடிந்துவிடவில்லை, நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் புதைந்து ஓடுகிறது, அதே குகைகளோடும் செங்குத்துப் பள்ளங்களோடும் கூரிய முனைகளோடும். வெள்ளீயச் சுரங்கக் காலத்தில் தோண்டியவர்கள் அந்தக் கல்லின் இடுக்குகளில் சேர்ந்திருந்த வெள்ளீய மணலைத்தான் அள்ளினார்கள். "பாறை வரை தோண்டி இறக்கினால் போதும்" என்று சொல்வது இங்கே ஏன் எடுபடாது என்று இப்போது தெரிந்திருக்கும். எந்தப் பாறை? அதற்குள் குகை இருந்தால்?

இரட்டைக் கோபுரம் நிற்கும் ஜாலான் அம்பாங் நிலம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். முதலில் குறித்த இடத்தில் மண்ணைத் துளைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் பாறை மேலாகவும் மறுபக்கம் வெகு ஆழத்திலும் இருப்பது தெரிந்தது. அப்படியே கட்டியிருந்தால் கட்டில் கால் கதைதான். அதனால் கோபுரங்களையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, பாறை ஆழமாகவும் மேலே கெட்டியான மண் தடிமனாகவும் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கெட்டி மண்ணில்தான் வேர் இறங்கியது. அரிசிப் பானைக்குள் கரண்டியின் காம்பை ஆழமாகச் செருகிப் பாருங்கள். காம்பு பானையின் அடியைத் தொடாவிட்டாலும் மேலும் அழுத்தினால் எளிதில் இறங்காது, சுற்றியுள்ள அரிசி அதைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி நுனியால் அல்லாமல் பக்கவாட்டுப் பிடிப்பால் எடையைத் தாங்கும் தூணை உராய்வுத் தூண் என்று சொல்லலாம். ஒரு கோபுரத்துக்கு 104 உராய்வுத் தூண்கள், ஆழம் 60 முதல் 114 மீட்டர் வரை. கீழே சுண்ணாம்புக் கல்லில் இருந்த பொந்துகளுக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைத்தார்கள்.

தூண்களின் தலைக்கு மேல் 4.5 மீட்டர் தடிமனில் ஒரே கான்கிரீட் பலகை, அதற்கு ராஃப்ட் என்று பெயர், கட்டடத்தின் எடையை எல்லாத் தூணுக்கும் பங்கு போடுவது அதுதான். ஒரு கோபுரத்துக்கு 13,200 கன மீட்டர் கான்கிரீட், நிறுத்தாமல் 54 மணி நேரம் ஊற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் காய்ந்த கான்கிரீட்டும் புதுசும் சரியாக ஒட்டாமல் அந்த இடம் கோடு போட்டது போலப் பலவீனமாகிவிடும். லாரிக்கு 6 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,200 லாரி, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு பகல் இரண்டு இரவு தாண்டியும். கான்கிரீட் ஊற்றும் இரவுகளில் தூக்கமில்லாமல் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 54 மணி நேரத்தை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் அன்றைக்கே சொல்லி முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பத்துமலைக்குப் போனபோது, முருகன் சிலைக்குக் கீழே நின்று, "இதோட உயரம் 42.7 மீட்டர்டா. இந்த மாதிரி இரண்டரை சிலையை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மண்ணுக்குள்ள இறக்கினாலும் இரட்டைக் கோபுரத்தோட ஆழமான தூண் நுனியைத் தொடாது" என்றேன். அவன் சிலையை உச்சிவரை பார்த்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்த்தான். "அப்பக்கூட பாறையைத் தொடலையா மாமா?" என்று கேட்டான். தொடவில்லை என்றேன்.